மூவர் ஆசனம்: பழைய பிக்கப் லாரியின் இருக்கை கூறும் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் நம் மனம் அரியணைகளை நாடி ஓடுகிறது. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தின் படிதோறும் ஒரு பதுமை நின்று கதை கூறியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஷாஜஹானின் மயிலாசனத்தில் பதித்த மணிகளை எண்ணிக் கணக்கெழுதியோரும் உண்டு. ஆனால், விடியற்காலையில் ஏறி அந்தி சாயும்வரை அமர்ந்து, மூட்டையும் மரமும் தீவனமும் ஏற்றி இறக்கிப் பிழைக்கின்ற உழைப்பாளியின் ஆசனத்தைப்பற்றி எழுதினோர் எத்தனை பேர்? அந்த ஆசனத்திற்கும் பதுமைகள் உண்டு. அவையும் கதை சொல்லும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அத்தகைய ஆசனம் ஒன்றைப்பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ‘பிக்கப்’ என்று வழங்கும் சிறு லாரியை நேயர்கள் அறிவர். முன்னால் ஓட்டுநர் அறை. பின்னால் சாமான் ஏற்றுவதற்குத் திறந்த தட்டு. அந்நாட்டின் பழைய பிக்கப்களில் ஓட்டுநருக்கெனத் தனி நாற்காலி கிடையாது. அறையின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை ஒரே நீண்ட இருக்கைதான் இருக்கும். 1940, 1950களில் செய்யப்பட்ட அவ்வண்டிகளை இன்று பலர் தேடி வாங்கிப் புதுப்பிக்கின்றனர். எஞ்சின் ஓடும், இரும்பும் நிற்கும், இருக்கை மட்டும் கிழிந்து, ஸ்பிரிங் வெளியே தலைநீட்டிக் கொண்டிருக்கும். அதைப் பிரித்து மீண்டும் மெத்தை கட்டுகின்றவன், அறிந்தோ அறியாமலோ, ஒரு சரித்திர ஏட்டைப் புரட்டுகிறான். அவ்வேட்டை நாமும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

வண்டி பிறந்த வகை

பிக்கப் லாரியை முதலில் உண்டாக்கியவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர், குடியானவர்கள். காரை வாங்கி, அதன் பின்புறத்தை அறுத்தெறிந்துவிட்டு, மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் சென்றனர். இதைக் கண்ட போர்டு கம்பெனி, 1925 ஏப்ரல் 15-ஆம் நாள், தன் ‘டி’ மாதிரிக் காரில் இரும்புத் தட்டைப் பொருத்தித் தானே விற்கத் தொடங்கிற்று. விலை 281 டாலர். தட்டின் நீளம் 56 அங்குலம். அகலம் 40 அங்குலம். பாரம் தாங்குவதற்குப் பின்புறம் வலிய வில்தகடுகளும் உண்டு.

சுமையின் அளவை இவ்வாறு கருத்தோடு எண்ணியவர்கள், அமர்பவனின் முதுகை அத்துணைக் கருத்தோடு எண்ணினார்கள் என்று கூறுவதற்கில்லை. அவ்வண்டியின் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் அமர்ந்திருப்பவர் எழுந்து, இருக்கையைத் தூக்க வேண்டும். தொட்டியின் மூடியாகவும் ஆசனம் வேலை செய்தது எனலாம்.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. யுத்தம் முடிந்தபோது வண்டி வேண்டி நாடே காத்துக் கிடந்தது. 1947-ல் ஷெவர்லே கம்பெனி புது உருவம் கொண்ட லாரிகளை வெளியிட்டது. 1955-ன் தொடக்கம்வரை செய்யப்பட்ட அவ்வகையில், மூவர் தாராளமாக அமரும் அகலம் கேபினுக்குக் கிடைத்தது. வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் வழியும் அமைத்து, ‘மூச்சு விடும் கேபின்’ என்று அதனை விளம்பரம் செய்தனர். 1948-ல் போர்டு கம்பெனியும் ‘எப்’ வரிசையைத் தொடங்கி, ‘பத்து லட்சம் டாலர் கேபின்’ என்று பறைசாற்றியது. வியாபாரப் போட்டியே இதற்குக் காரணம் என்பது உண்மைதான். ஆயினும், சுமை ஏற்றுபவனும் மனிதன், அவனுக்கும் முதுகெலும்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் இத்தகைய விளம்பரம் எழுத முடியாதன்றோ?

மேலுறை

இனி இருக்கையைப் பிரிப்போம். முதலில் கையில் படுவது மேலுறை.

பழைய குதிரை வண்டிகளின் ஆசனம் தோலால் ஆனது. தோல் விலையேறியது, மோட்டார் வண்டியோ லட்சக்கணக்கில் பெருகியது. அத்தனைக்கும் தோல் தர மாடுகள் எங்கே? வெடிமருந்துத் தொழிலில் பேர்பெற்ற டியூபாண்ட் கம்பெனி 1910-ல் ‘பாப்ரிகாய்டு’ என்னும் செயற்கைத் தோல் செய்யும் கம்பெனியை விலைக்கு வாங்கியது. பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைப் பூசிச் செய்வது அத்தோல். புகையில்லா வெடிமருந்துக்கும் அப்பொருளே மூலம். பீரங்கிக்குள் போகக்கூடிய சரக்கு, குடியானவன் அமரும் உறையாயிற்று! இங்கிலாந்தில் இத்தகைய துணிக்கு ‘ரெக்ஸின்’ என்பது ஒரு கம்பெனி இட்ட பெயர். அப்பெயரே நம்மவர் நாவில் எல்லாச் செயற்கைத் தோலுக்கும் பொதுப்பெயராகி நிலைத்துவிட்டது.

அதற்கடுத்து வந்தது வினைல். 1926-ல் ஒஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரில், குட்ரிச் ரப்பர் கம்பெனியின் ரசாயன நிபுணர் வால்டோ செமன் என்பவர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். ‘பாலிவினைல் குளோரைடு’ என்னும் முரட்டுப் பொருளைக் கொதிக்கும் திரவத்தில் கரைத்துப் பார்த்தார். தேடிய பசை கிடைக்கவில்லை. வளைந்து நெகிழும் புதுப்பொருள் ஒன்று கிடைத்தது. தண்ணீர் புகாத, துடைத்தால் சுத்தமாகின்ற அப்பொருளே பிற்காலத்து லாரி ஆசனங்களுக்கு உறையாயிற்று.

பாசியும் பஞ்சும் சணலும்

உறையை நீக்கினால் உள்ளடக்கம் தெரியும். பழைய ஆசனத்தின் உள்ளே குதிரை மயிரும் பஞ்சும் இருப்பது பலர் அறிந்ததே. போர்டின் ‘டி’ மாதிரி வண்டிகளில் வேறொரு பொருளும் அடைக்கப்பட்டது. லூயிசியானா, புளோரிடா மாகாணங்களின் சதுப்புநிலங்களில் பெருமரங்களின் கிளைகளிலிருந்து நரைத்த தாடிபோல் தொங்கும் ஒரு செடி உண்டு. ஸ்பானிய பாசி என்பது அதன் பெயர். பெயரளவில்தான் பாசி; தாவர சாஸ்திரப்படி அது அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சதுப்புநில ஏழைகள் படகில் சென்று, நீண்ட கோலால் அதை இழுத்துச் சேர்த்து, நனைத்துக் குவியலாக்கி மாதக்கணக்கில் ஊறவிடுவர். மேல்தோல் அழுகி உதிர்ந்தபின், குதிரை மயிர் போன்ற கருநிற நார் எஞ்சும். அதைச் சுத்தம் செய்வதற்கென்றே ஆலைகள் இருந்தன.

பஞ்சின் கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்கத் தென்மாகாணங்களின் பருத்தி வயல்களில் அடிமைகளாக இருந்த நீக்ரோ மக்கள், 1865-ல் சட்டப்படி விடுதலை பெற்ற பின்னரும், வாரக் குடியானவர்களாகக் கடனில் மூழ்கி அவ்வயல்களிலேயே உழன்றனர் என்பது உலகறிந்த செய்தி.

பஞ்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கோணித்துணி ஒன்று விரித்திருக்கும். அது இல்லையேல் ஸ்பிரிங் பஞ்சைத் துளைத்துவிடும். அக்கோணி சணலால் ஆனது. சணலுக்குத் தாயகம் வங்காளம். 1855-ல் கல்கத்தாவுக்கு அருகில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. அதற்குப்பின் ஹூக்ளி ஆற்றின் இருமருங்கும் ஆலைகள் பெருகி, உலகிற்கே சாக்கும் கோணியும் அளித்தன. அமெரிக்கக் குடியானவன் ஒருவன் தன் வயலுக்குப் போகையில் வங்காளத்து உழவன் இடுப்பளவு நீரில் நின்று அலசிய நாரின்மீது அமர்ந்து போனான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

ரப்பர் நுரை

இவ்விடத்தில்தான் நம் கதையும் வந்து சேர்கிறது.

1929-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ரப்பர் பாலைத் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, வெப்பமூட்டி, மெத்தையாக்கும் வழியைக் கண்டனர். மர்பி என்னும் ஆராய்ச்சியாளர் முதலில் அடுக்களையில் மாவு அடிக்கும் கருவியைக் கொண்டே பாலைக் கடைந்தார் என்று சொல்வர். அமெரிக்காவிலும் பெரிய ரப்பர் கம்பெனிகள் தத்தம் பெயரிட்டு இந்நுரையை விற்றன. 1950களில் உயர்தரக் கேபின் கொண்ட பிக்கப்களின் ஆசனங்களில் நுரைமெத்தை இடம்பெற்றது.

அந்தப் பால் எங்கிருந்து சென்றது? 1876-ல் விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தன. 1888-ல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையை நிலைநாட்டினார். முறையைக் கண்டவரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இருளில் எழுந்து, பிரட்டுக்கு நின்று, பனியில் நனைந்து, மரத்துக்கு மரம் ஓடிப் பட்டை சீவி, மங்கில் விழுந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்களின் பெயர் எப்புத்தகத்தில் இருக்கிறது? ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளாக ஆட்களை அனுப்புவதைத் தடை செய்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் கங்காணிகளின் பின்னால் கப்பலேறி வந்த தமிழர் அநேகர். அவர்கள் சேர்த்த பாலில் ஒரு பங்கு அம்மோனியா கலந்து, திரவமாகவே அயல்நாடுகளுக்குச் சென்றது. நுரை மெத்தைக்கு அத்திரவப் பாலே வேண்டும்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அவ்வாண்டில் அற்றுப்போயிற்று. பின்னர் அந்நாடு பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பரைப் பெருவாரியாகச் செய்யக் கற்றுக்கொண்டது. யுத்தத்திற்குப்பின் ஆசன நுரையில் செயற்கைப் பாலும் கலந்தது. ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்பவர் 1937-ல் கண்டறிந்த பாலியூரிதேன் என்னும் பொருள், 1950களின் பிற்பகுதியிலிருந்து மலிவான நுரையாகி, மரத்துப் பாலின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

பழைய ரப்பர் நுரை நாளாவட்டத்தில் இறுகிப் பொடியாகிவிடும். வண்டியைப் புதுப்பிப்பவர் ஆசனத்தைத் திறக்கும்போது மஞ்சளும் பழுப்புமான தூள் கொட்டும். அதைப் பெருக்கிக் குப்பையில் கொட்டுகின்றனர். அத்தூளில் எந்தத் தோட்டத்தின், எந்த நிரையின் பால் இருக்கிறது என்று எவராலும் சொல்லவியலாது. ஆனால் யாரோ ஒருவர் கையால் சீவிய மரத்தின் பால் அதில் இருக்கலாம் என்பதை நாமாவது நினைத்துப் பார்க்கலாமல்லவா?

மீண்டும் கட்டும் முறை

பிரித்த ஆசனத்தை மீண்டும் கட்டுவது பொறுமையின் வேலை. இருக்கையைத் தரையோடு பிணைத்த ஆணிகளைக் கழற்றி வெளியே எடுத்தபின், உறையைச் சட்டத்தோடு பூட்டியுள்ள சிறு கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். பன்றி மண்ணைக் கிளறாதிருக்க அதன் மூக்கில் இடும் வளையத்தைப் போன்றதால், அமெரிக்கர் அதற்குப் பன்றி வளையம் என்றே பெயரிட்டனர். கிழிந்த உறையை எறிந்துவிடலாகாது. தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக விரித்தால், புது உறைக்கு அதுவே அளவு. பழசை இழிவென்று எறிந்தவன் புதியதை வெட்டத் தெரியாமல் விழிப்பான்.

அடுத்தது சட்டம். துருவைச் சுரண்டி, முறிந்த கம்பியைப் பற்றவைத்து, வர்ணம் பூச வேண்டும். பற்றவைப்பதை வண்டிக்குள் செய்யலாகாது. 1972 வரையிலும் பல அமெரிக்கப் பிக்கப்களில் எரிபொருள் தொட்டி, கேபினுக்குள் ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பழைய மெத்தையின் தூசு நெஞ்சுக்கு ஆகாதாகையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளல் நலம்.

ஸ்பிரிங்குகளைச் சமமாக இழுத்துக் கட்டி, மேலே கோணி விரித்து, அதன்மேல் பஞ்சோ நுரையோ பரப்புவர். ஓட்டுநர் அமரும் பக்கமே அதிகம் தாழ்ந்திருக்கும். அங்கே ஒரு படலம் கூட்டுவதும் உண்டு. உறையைப் பூட்டும்போது முன்விளிம்பின் நடுவில் தொடங்கி இருபுறமும் மாறி மாறி வளையமிட்டு வருதல் வேண்டும். ஒரு கோடியிலிருந்தே இழுத்துச் சென்றால் மறுகோடியில் சுருக்கம் விழும். வினைல் உறையைச் சற்று நேரம் வெயிலில் காயவைத்தால் இளகி இணங்கும். இத்தனையும் ஒரு யந்திரம் ஒருநொடியில் செய்வதன்று. கண்ணும் விரலும் ஒன்றுபட்டுச் செய்வது.

இக்கைத்தொழிலில் மெக்சிகோ நாட்டவர் பெரும்பெயர் பெற்றனர். 1950, 1960களில் தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் எல்லை கடந்து தியுவானா நகருக்குத் தம் வண்டிகளை ஓட்டிச் செல்வர். அங்குள்ள பட்டறைகளில், வரிசை வரிசையாகக் குழல்போல் மடித்துப் பஞ்சு திணித்துத் தைக்கும் உறைகள் சொற்ப விலைக்குக் கிடைத்தன. மெக்சிகோக் கைகள் தைத்த ஆசனத்தில் அமர்ந்து அவர்கள் மகிழ்வோடு ஊர் திரும்பினர்.

ஆசனமும் பலகையும்

ஆனால் அதே எல்லையைக் கடந்து மறுதிசையில் வந்த மெக்சிகோத் தொழிலாளிகளுக்கு எத்தகைய ஆசனம் கிடைத்தது? இதுவே நம் சரித்திரத்தின் கடைசி ஏடு.

யுத்த காலத்தில் வயல்வேலைக்கு ஆள் போதாமல், 1942-ல் அமெரிக்க அரசாங்கம் மெக்சிகோவோடு உடன்படிக்கை செய்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தது. ‘பிராசெரோ’ என்று அவர்களை அழைத்தனர். கையால் உழைப்பவர் என்பது அதன் பொருள். யுத்தம் முடிந்த பின்னும் அத்திட்டம் முடியவில்லை. முன்னால் மெத்தையிட்ட ஆசனம் மூவருக்கு; ஏனையோருக்குப் பின்தட்டு.

1963 செப்டம்பர் 17-ஆம் நாள், கலிபோர்னியாவில் சுவலார் என்னும் சிற்றூர் அருகே, வயல்வேலை முடித்துத் திரும்பிய தொழிலாளிகள் சென்ற வண்டியின்மீது ரயில் மோதிற்று. முப்பத்திரண்டு பேர் மாண்டனர். அவர்கள் சென்றது உண்மையான பஸ் அன்று. பிக்கப்பின் மூத்த உடன்பிறப்பாகிய தட்டு லாரியின்மேல் கூரை அமைத்து, நீண்ட பலகைகளை இருக்கைகளாகப் போட்டு ஓட்டிய வண்டி அது. தொழிலாளர் தலைவரும் அறிஞருமான எர்னஸ்டோ கலார்சா, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஒரு குழுவுக்காக இவ்விபத்தை ஆராய்ந்தார். சுமை ஏற்றும் வண்டியில் மனிதரை ஏற்றும் வழக்கத்தை நாடு அப்போதுதான் கண் திறந்து பார்த்தது. அத்திட்டத்திற்கு எதிராக எழுந்த கண்டனத்தை இவ்விபத்து வலுப்படுத்தியது. 1964-ன் இறுதியில் பிராசெரோத் திட்டமே முடிவுற்றது.

நம் தோட்டப்புறங்களில் லாரித் தட்டில் நின்றுகொண்டு, பக்கத்துப் பலகையைப் பற்றிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போன பெரியோர்களுக்கு இக்கதை அந்நியமானதன்று. வளைவில் லாரி திரும்பும்போது ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தது அவர்களுக்கு நினைவிருக்கும். துரையின் காரில் மெத்தை இருந்தது. அம்மெத்தையில் ரப்பர் இருந்தது. அந்த ரப்பரைச் சுமந்து கொடுத்தவர்களுக்குத் தட்டுதான் இருந்தது.

இதிலிருந்து நாம் அறியக்கிடப்பது யாது? ஆசனம் என்பது வெறும் சுகப்பொருள் அன்று. ஒரு நாடு யாரை மனிதனாக எண்ணுகிறது, யாரைச் சுமையாக எண்ணுகிறது என்பதை அளந்து காட்டும் கோல் அது. 1925-ல் சுமைக்கு அளவு வகுத்தார்கள். 1948-ல் ஓட்டுபவனுக்கும் அவனருகில் அமரும் இருவருக்கும் அளவு வகுத்தார்கள். பின்தட்டில் சென்றவர்களைப்பற்றி எண்ணுவதற்கு முப்பத்திரண்டு பிணங்கள் விழ வேண்டியிருந்தது.

பழைய பிக்கப் ஒன்றைப் புதுப்பிப்போர் நல்ல காரியமே செய்கின்றனர். எறிய வேண்டியதைச் செப்பனிட்டுக் காப்பது அறிவுடைமை; கைத்தொழிலை மதிப்பது பண்புடைமை. அவர்கள் புது உறையைப் பூட்டுமுன், 1947-ல் அவ்வண்டிகள் பெற்றிராத இடுப்பு வாரையும் சேர்த்துப் பொருத்துவார்களாக. அமர்ந்திருப்பவரின் உயிர் உறையின் அழகினும் பெரிது. அதோடு, அந்தச் சட்டத்தின் மேல் பாசியையும் பஞ்சையும் சணலையும் பாலையும் சேர்த்தவர்கள் இன்னார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியோடு வைப்பார்களாக. அவர்களின் பெயர் கிடைக்காது. ஊரும் தொழிலும் கிடைக்கும். அரியணையின் மணிகளுக்குக் கணக்கு இருக்கும்போது, உழைப்பவன் ஆசனத்தின் நார்களுக்கு மட்டும் ஏன் கணக்கு இருக்கலாகாது?